‘உது பொய்’ என்று நான் எழுதிய பக்கம்

ஆசை மச்சாள்,

நீர் போய் இரண்டு மாதம். இதற்குள் நாலு புத்தகம் முடித்துவிட்டேன். ஒன்றைப் பற்றியும் சொல்ல ஆளில்லை. நல்லூரில் எங்கள் ஒழுங்கை முழுக்க ரியூசனுக்குப் போகிற சைக்கிள்கள். எல்லாப் பிள்ளைகளின் கையிலும் புத்தகம் இருக்கிறது, ஒன்றும் என்னோடு கதைக்காது.

திட்டுவதைக் கேட்க உமக்குப் பிடிக்கும், அதனால் அதிலிருந்து தொடங்குகிறேன். ஒரு துப்பறியும் கதை. கொலை செய்தது சமையல்காரி என்று நாற்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ‘முடிவைச் சொல்லிப்போடாதையும்’ என்று போனில் கத்த நீர் இல்லை. கடைசிவரை வாசித்தேன். சமையல்காரிதான்.

லண்டனில் இருக்கிற ஒருவர் எழுதிய சமையல் புத்தகமும் வாசித்தேன். ஒடியல் கூழுக்குப் பனங்கிழங்கு மாவை ஊறவிட்டு வடிக்க வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. அவர் சொன்னபடி காய்ச்சினால் கசப்பில் வாயில் வைக்க ஏலாது. பாவம், மனிசி கூழ் குடித்து எத்தனை வருசமோ.

மூன்றாவது கவிதை. பக்கத்துக்கு மூன்று வரி, மிச்சம் வெள்ளைத் தாள். முந்தி என்றால் அந்த வெள்ளையில் நீர் பென்சிலால் அந்தக் கவிஞரை விடத் திறமாக எழுதியிருப்பீர். எங்கள் பழக்கம் அதுதானே? ஒரே புத்தகம், இரண்டு பேரின் பென்சில், உம்முடைய கரவெட்டிக்கும் என்னுடைய நல்லூருக்கும் இடையில் அலைந்துகொண்டிருக்கும்.

நாலாவது, உம்முடைய நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த எல்லாருக்கும் கொடுத்தார்கள். ஆர் செத்தாலும் ஒரே பாட்டு, பேரைத்தான் மாத்துவினம் என்று கல்வெட்டுகளைப் பார்த்து எத்தனை தரம் சிரித்திருப்பீர்? உமக்கும் அதே பாட்டுத்தான். நீர் புத்தகம் வாசித்தவர் என்று ஒரு வரி இல்லை. ‘தாய்சொல் தட்டாத தனிமகள்’ என்று மட்டும் இருந்தது. அடுத்த பக்கத்தில் இரண்டு எழுத்துப்பிழை.

அதைப் பார்த்து எனக்கு வந்த கோபத்துக்கு, உம்முடைய பென்சில் எழுத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் போல இருந்தது. அலுமாரிக்கு மேலே கிடந்த அந்த நாவலை இறக்கினேன்.

எங்களைப் பிரித்த நாவல். போரில் இடம்பெயர்கிற அன்றைக்கு ஒருத்தி தாயை வீட்டில் விட்டுவிட்டுப் போவாள். தாய் வாசலில் பேசாமல் நிற்பாள். அந்தப் பக்கத்தில் நான் ‘உது பொய்’ என்று எழுதி உமக்கு அனுப்பினேன். நீர் எனக்குப் போன் எடுத்தீர்.

“பொய்யெண்டு நீர் எப்பிடி மச்சாள் சொல்லுவீர்?”

“பெத்த தாயை விட்டிட்டுப் போறவள் ஒரு மனுசியே?”

நீர் போனை வைத்துவிட்டீர். அதோடு எங்களுக்குள் கதை இல்லை. ஒரு புத்தகத்துக்காக இவ்வளவு கோபமா என்று நானும் வீம்பாக இருந்தேன். இடம்பெயர்வில் உம்முடைய அம்மா வரமாட்டேன் என்று வீட்டிலேயே நின்றுவிட்டார், நீங்கள் திரும்பி வந்தபோது அவர் இல்லை என்றுதானே குடும்பத்தில் எல்லாரும் சொல்வது? நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். இரண்டு கிழமையில் உம்முடைய மகள் நாவலைக் கொண்டுவந்து தந்தாள். சண்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர் என்று நினைத்தேன். திறக்காமலே அலுமாரிக்கு மேலே எறிந்தேன். எட்டு மாதம் அங்கேயே கிடந்தது. அதற்குள் உமக்கு நெஞ்சு நின்றுவிட்டது. செத்தவீட்டில் உம்முடைய முகத்தைப் பார்த்தபோதும் எனக்கு ஒன்றும் தெரியாது.

என்னுடைய ‘உது பொய்’க்குக் கீழே நீர் எழுதியிருந்தீர்:

“ஓம், பொய்தான். அம்மா பேசாமல் நிக்கேல்லை. நானும் வாறன் பிள்ளை எண்டவ. சைக்கிளிலை ரெண்டு பிள்ளையளும் இருந்ததுகள். நான் கேக்காத மாதிரி உருட்டிக்கொண்டு போட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வாசிச்சிட்டு வந்து கதையும்.”

வாசிக்க எனக்கு எட்டு மாதமும் உம்முடைய சாவும் தேவைப்பட்டது. ஆயுள் முழுக்க மூடி வைத்ததை என்னிடம் அனுப்பிவிட்டு, நான் வருவேன் என்று எத்தனை நாள் வாசல் படலையைப் பார்த்தீர்? நான் வராததை என்னவென்று நினைத்தீர்? வாசித்துவிட்டுத்தான் வரவில்லை என்றா? எழுத்துத் தெரியாதவளாய் இருந்திருந்தால் உம்மை இப்படிக் குத்தியிருக்க மாட்டேன்.

‘உது பொய்’யை அழிக்க அழிறப்பரை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். அழித்தால் நான் நல்லவளாகிவிடுவேன், நீர் மட்டும் அந்தப் பக்கத்தில் தனியே நிற்பீர்.

அதனால் இதுதான் என் வாக்கு. அந்த எழுத்தை அழிக்கமாட்டேன். இனி எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு சொல்லை எழுதவும் மாட்டேன். எனக்குப் பிறகு அதை ஆர் வாசிப்பினம், என்ன பட்டிருப்பினம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இவ்வளவு காலமும் கடிதம் முடிக்கிறபோது ‘வாறன்’ என்றுதான் எழுதுவேன். இன்றைக்கு அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை.

கதைக்க வராமல் விட்ட,
உம்முடைய நல்லூர் மச்சாள்