ஜெனிவாவில் என் கால் எழுந்து நின்றது

ஜூன் 15, ஞாயிறு

வெயில். விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் தி.மலை பஸ் பிடித்து, செஞ்சியில் இறங்கும்போதே மண்டை காய்ந்தது. பெட்டியில் துவைக்காத துணி. ஜெனிவாவில் வாங்கிய சாக்லேட் பாதி உருகிவிட்டது.

கூட்டு ரோட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். என் முகம். பக்கத்தில் கும்பிட்டபடி எங்கள் ஜவுளிக்கடை முதலாளி, என்னைவிடப் பெரிதாக. "ஜெனிவாவில் முழங்கிய செஞ்சியின் வீரமங்கை மல்லிகா".

முழங்கினேனாம். அந்த மாநாட்டு மண்டபத்தில் என் வாயிலிருந்து வந்த சத்தம் இருமல் மட்டும்தான். ஏசி ஒத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும், "இன்னா பேசுன?" என்றார். அலுப்பாக இருக்கிறது, தூங்கப் போகிறேன் என்றேன். தூக்கம் எங்கே வந்தது.

ஜூன் 16, திங்கள்

கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். செய்ய வேண்டியவை: துணி துவைக்க, ரேஷன், கேஸ் புக் பண்ண, சங்கத்துக்கு அறிக்கை. முதல் மூன்றும் முடிந்தன. நாலாவதைத் தொடவே இல்லை.

இங்கே மட்டும் உள்ளதை எழுதி வைக்கிறேன். சர்வதேசத் தொழிலாளர் மாநாடு. ஒவ்வொரு நாட்டிலிருந்தும் அரசு, முதலாளிகள், தொழிலாளிகள் மூன்று தரப்பும் சேர்ந்து ஒரு குழு. நம் நாட்டுக் குழுவில், தொழிலாளர் தரப்பில், செஞ்சி காந்தி பஜார் கடையில் சேலை விரித்துப் போடுகிற நானும் ஒருத்தி. கடைத் தொழிலாளர் சங்கம் என் பெயரைக் கொடுத்தபோது எவ்வளவு சந்தோஷம். மூன்று நிமிடப் பேச்சு ஒன்று மனப்பாடம். நாள் முழுக்க நிற்கிறோம். உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்தது. ஸ்டூலும் வந்தது. உட்கார்ந்தால் முதலாளி முறைக்கிறார். அதனால் ஸ்டூல்மேல் பிளவுஸ் பிட் அடுக்கி வைத்திருக்கிறோம். அவ்வளவுதான் பேச்சு.

பேச வேண்டிய அன்று காலை எங்கள் தரப்புத் தலைவர், தில்லிக்காரர், நேரமில்லை, எல்லாவற்றையும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன் என்றார். கூட வந்த சென்னைத் தோழர் அதைத் தமிழில் சொன்னார், சிரித்துக்கொண்டே: "நம்ம வீட்டுச் சண்டைய ஊரார் முன்னாடி பேசக் கூடாதும்மா." தலைவர் மேடையேறினார், தோழர் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் நாட்டில் கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமை கிடைத்துவிட்டது, அதை அனுபவிக்கும் சகோதரி இதோ என்று என் பக்கம் கை காட்டினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

நான் என்ன செய்தேன்? எழுந்து நின்றேன். கும்பிடு வேறு. கடையில் யார் தலை தெரிந்தாலும் எழுந்துவிடுகிற கால் இது, என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டது. கைதட்டல். உட்காரும் உரிமைக்கு அத்தாட்சியாக நான் நின்றுகொண்டிருக்கிறேன். அவர்களுக்குத்தான் வெட்கமில்லை. எனக்கு எங்கே போயிற்று?

ஜூன் 18, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. கடைக்குப் போனேன். ஆனி முகூர்த்தக் கூட்டம். தேவகி பட்டுப் பிரிவில் என் பக்கத்து ஆள். கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலம் பாரித்திருக்கிறது. நான் போகும்போது இருந்ததைவிட வீக்கம் அதிகம்.

"யக்கா, நம்ம விஷயத்த சொன்னியா?"

"சொல்ல உடல."

"பேனர்ல போட்டுக்குதே."

"பேனர் போட்டவங்கள கேளு."

சேலை மடிக்கத் திரும்பிவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். ஞாயிறு அன்று வணிகர்கள் சேர்ந்து பாராட்டு விழாவாம். "நம்ம கடைப் பொண்ணு உலகம் சுத்திட்டு வந்துக்குது, பஜாருக்கே பெருமை. ரெண்டு வார்த்தை பேசு, டென்ஷன் ஆவாத." கடைக்கு விளம்பரம், எனக்குத் தெரியாதா. வேண்டாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு மைக் கிடைக்குமே. சரி என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

காற்று, புழுதி. கூட்டு ரோட்டு டீக்கடையில், பேனருக்குக் கீழே இரண்டு பேர். நான் பக்கத்தில் நிற்பது தெரியவில்லை.

"யார்ரா இது?"

"ஜெனிவா போன பொம்பளையாம்."

"வேலைக்கா?"

"முழங்கறதுக்காம்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். சங்கத்திலிருந்து போன். அறிக்கையை நல்லவிதமாக எழுத வேண்டுமாம், தலைவர் மனம் கோணாமல். என் மனம் கோணியதை எதில் எழுதுவது? மிக்சி ரிப்பேர், மறக்கக் கூடாது.

ஜூன் 22, ஞாயிறு

கல்யாண மண்டபம். புழுக்கம், கரண்ட் போய்ப் போய் வந்தது. மாலை, சால்வை, கேடயம். முன்வரிசை நாற்காலிகள் வணிகர்களுக்காம். பாதிக்கு மேல் காலி. எங்கள் கடைப் பெண்கள் யூனிஃபார்ம் சேலையில், வாசலில் பன்னீர் தெளித்துவிட்டுப் பின்சுவர் ஓரமாக நின்றார்கள்.

"ஜெனிவாவுல நான் பேசல, பேச உடல. அங்க சொல்ல வேண்டியத இங்க சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். மனப்பாடம் பண்ணியது மொத்தமும் சொன்னேன். இருமல்கூட வரவில்லை. கடைசியில், "பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வந்து உக்காருங்க, நாற்காலி காலியாதான் இருக்குது" என்றேன்.

ஒருத்தியும் அசையவில்லை. முதலாளி மெல்லத் திரும்பி அவர்களைப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், தேவகியும். யாரோ மைக்கை வாங்கி நன்றி சொல்லி தேசிய கீதம் போட்டுவிட்டார்கள். மண்டபமே எழுந்து நின்றது. எங்கள் பெண்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கேடயத்தை பீரோவுக்குப் பின்னால் தள்ளினேன். அந்தப் பெண்கள்மேல் அடங்காத கோபம். யாருக்காகடி பேசினேன்? அப்புறம் ஜெனிவாவில் நான் பண்ணியது நினைவு வந்தது. கோபம் முதலாளி பக்கம் திரும்பியது. அதுதான் அதற்குச் சரியான இடம்.

ஜூன் 23, திங்கள்

மறுபடி வெயில். கடை திறந்தால் ஸ்டூல்கள் இல்லை. எல்லாம் குடோனில்.

முதலாளி சிரித்தபடி சொன்னார். "நேத்து நீயே கூப்ட, ஒருத்தரும் உக்கார்ல. யாருக்கும் வேணாம்னா எதுக்கு வழிய அடச்சிக்கினு?" என் பேச்சை வைத்தே இருந்ததையும் பிடுங்கிவிட்டார்.

மத்தியானம் மேல்சித்தாமூரிலிருந்து ஒரு குடும்பம், கல்யாணச் சேலை எடுக்க. காட்டிக்கொண்டிருந்த தேவகி திடீரென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கம் என்று ஓடினேன். இல்லை. வீங்கிய காலை நீட்டி, மடியில் சேலையை விரித்து, "இந்த பார்டர் பாருங்கம்மா" என்கிறாள். அந்த அம்மாவும் எதிரே சம்மணம் போட்டு பார்டரைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து சுடிதார் பிரிவில் ஒருத்தி. அப்புறம் ரெடிமேட். ஒவ்வொருத்தியாக.

முதலாளி கல்லாவிலிருந்து ஓடி வந்தார். "இன்னாது இது? எழுந்திருங்க எல்லாரும்."

தேவகி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஸ்டூல் வரட்டும் மொதலாளி, எழுந்துக்கறோம்."

அவர் என்னிடம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா. வெளிநாடெல்லாம் போய்ட்டு வந்தவ."

அப்போதுதான் கவனித்தேன். கடையில் வேலை செய்கிறவர்களில் இன்னும் நின்றுகொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

உட்கார்ந்தேன்.

ராத்திரி கடை சாத்தும்வரை ஸ்டூல் வரவில்லை. நாளைக்கும் தரைதான்.