படிவத்தின் பின்பக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? குளிசையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? நான் சுகம், களைப்புத்தான். அறையில் சிக்னல் இல்லாததால் கடிதம் எழுதுகிறேன்.

நேற்று மல்லாவிக்கு உள்ளே ஒரு குடியிருப்பில் கூட்டம் வைத்தோம். இணையக் கேபிளை எந்தப் பாதையால் கொண்டுவரலாம் என்று சனத்திடம் கேட்பதுதானே என் வேலை. கச்சான் தோட்டம் செய்யும் பேச்சியம்மா எழும்பி, “காட்டு ரோட்டால தூண் நட்டா யானை சாய்ச்சுப்போடும் பிள்ளை. குளக்கட்டால கொண்டு வாங்கோ” என்றார். ஆனால் பாதையை மேலிடம் எப்போதோ வரைபடத்தில் கீறிவிட்டது. படிவத்தில் சனத்தின் கையொப்பத்துக்கு மட்டும்தான் இடம். அவர் சொன்னதைப் பின்பக்கத்தில் எழுதினேன்.

திரும்பும்போது அதே காட்டு ரோட்டில் யானை நின்றது. தூரத்தில்தான். அரை மணித்தியாலம் ஸ்கூட்டியை நிறுத்திக் காத்திருந்தேன், அவ்வளவுதான். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம்.

என் பழைய போர்வையை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். இங்கேயும் வாங்கலாம், ஆனாலும் அதையே அனுப்புங்கள்.

அலுவலகத்தில் தபால் பையைக் கட்டப்போகிறார்கள், முடிக்கிறேன். கையொப்பம் வைக்கும்போது பேச்சியம்மா, “நாங்கள் சொன்னதை ஆரும் வாசிப்பினமோ?” என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். நீங்களாவது இதை முழுக்க வாசித்து ஒரு வரி பதில் போடுங்கள், அப்பா.

உங்கள் மகள்
கௌசலா