ஜன்னலோர சீட்டில் உன் பை

தமிழ்மொழிக்கு,

தொழிற்சங்கத்திலிருந்து விலகுவதாக நீ கையெழுத்துப் போட்டாய். நான் போடவில்லை. மறுநாள் நம் ஷூ கம்பெனி வேன் என்னை ஏற்றவில்லை. "உங்க சங்கத்து வண்டி வரும், அதுல ஏறிக்கினு வாம்மா" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரித்தாயா என்று நான் பார்க்கவில்லை.

பிரம்மதேசத்திலிருந்து திண்டிவனத்துக்கு இப்போது சைக்கிள்தான். சங்கு ஊதுவதற்குள் மெஷினில் உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்று காலை வேன் என்னைத் தாண்டிப் போனது. உள்ளே நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என் ஜன்னலோர சீட்டில் மட்டும், நான் ஏறும்வரை இடம்பிடிக்க நீ வைக்கும் சாப்பாட்டுப் பை இருந்தது.

கையெழுத்தைப் பற்றிப் பிறகு சண்டை போடலாம். பையை எடுத்துவிடாதே. சங்கத்தை விட்டுவிட்டு அந்த சீட்டுக்கு வரமாட்டேன். சங்கத்தோடு வந்து உட்கார்வேன்.

உன் பக்கத்து சீட்டுக்காரி