சீலுக்கு முன்னால் திறந்த கதவு

தூத்துக்குடி,
ஞாயிறு காலை.

அன்பு மகள் ஐசுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். டப்ளின் குளிரிலும் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் செந்தூர் முருகன் புண்ணியத்தில் சௌக்கியம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உடன்குடிச் சித்தி புதுக் கருப்பட்டி கொடுத்துவிட்டிருக்கிறாள், உன் ஊருக்கு யாராவது வருகிறார்களா என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய், நான் சிக்னல் இல்லை என்று சொல்லி போனை அம்மாவிடம் தள்ளிவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான் செஞ்ச கம்ப்யூட்டர் டூல் நிஜமாவே உபயோகமா இருக்காப்பா, வேலையை விட்டுட்டு இதையே தொழிலா எடுக்கலாமா, அப்பாவா இல்லாம சர்வேயரா சொல்லுங்க என்றாய். அதற்கு வாயால் பதில் சொன்னால் குழறிவிடும், அதனால்தான் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் சரக்கு சேதமானால் நான் போய்ப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பேன், அதில் எழுத்து கொஞ்சம், போட்டோதான் மலையாகக் கிடக்கும் என்பது உனக்குத் தெரியும். நம் ஆபீஸ் செண்பகம் அதை ஒவ்வொன்றாக வேர்டில் ஏற்றுவாள், ஒரு படத்தைச் சின்னதாக்கினால் அடுத்த பக்கத்துப் படம் துள்ளிக் குதித்து எங்கேயோ போகும், கீழே எழுதின வரி மட்டும் அநாதையாக நிற்கும், அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவாள். உன் டூலில் போட்டோ ஃபோல்டரைக் காட்டினால் போதும், பக்கத்துக்கு நாலாக, நம்பரோடு, கீழே விவரம் எழுத இடத்தோடு தானே உட்கார்ந்துகொள்கிறது. செண்பகம் இப்போதெல்லாம் பிள்ளை ஸ்கூல் விட்டு வருவதற்குள் வீடு போய்ச் சேருகிறாள், உங்க பொண்ணுகிட்ட ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க சார் என்று நாலு தடவை சொல்லிவிட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை, பார்க்கிற சர்வேயரிடமெல்லாம் எங்க ஐசு செஞ்சது என்று பீற்றிக்கொண்டுதான் திரிந்தேன்.

அப்புறம் முந்திரிக்கொட்டை வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கன்டெய்னர், உள்ளே மூட்டையெல்லாம் நனைந்து பூசணம். நான் எப்போதும் போல முதலில் பூட்டின கதவு, அதில் சரக்கு ஏற்றின ஊரில் போட்ட உடையாத சீல், பிறகு சீலை வெட்டுவது, பிறகு திறந்த கதவு, கூரையில் ஓட்டை, கடைசியில் மூட்டை என்று வரிசையாகத்தான் எடுத்தேன். என் போனிலிருந்து செண்பகம் போட்டோக்களை வாட்ஸ்அப்பில் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாள், இந்த ஊரில் எல்லாருக்கும் அதுதான் பழக்கம். அப்படி அனுப்பினால் படம் எடுத்த நேரம் அதோடு வராதாம், உன் டூல் வந்து சேர்ந்த வரிசையை எடுத்த வரிசை என்று தானாக நினைத்துக்கொண்டது. ரிப்போர்ட்டில் முதல் படம் திறந்த கதவு, மூன்றாம் பக்கத்தில் உடையாத சீல்! நானும் படம் அழகாக உட்கார்ந்திருக்கிறதே என்று பார்த்தேனே தவிர வரிசையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்சூரன்ஸ்காரன் பிடித்துக்கொண்டான், கதவைத் திறந்து இங்கேயே நனைத்துவிட்டுப் பிறகு சீல் போட்டீர்களா என்று கேட்டான். சரக்கை எடுத்துக் கொடுக்கிற ஏஜென்ட் ஆறுமுகநயினார் ஆபீசுக்கே வந்துவிட்டார், என்ன அண்ணாச்சி, தாலி கட்டுததுக்கு முன்ன புள்ளைக்குப் பேரு வச்ச மாதிரில்லா இருக்கு என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போனில் இருந்த அசல் படங்களை நேரத்தோடு அனுப்பி, விளக்கம் எழுதி, இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, நீ பதறாதே.

இதை உனக்கு எழுதக் கூடாது என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். புள்ள ஆசையா செஞ்சு அனுப்பியிருக்கா, அதுல போய் நொள்ளை சொல்லுதீயளே என்றாள். சர்வேயராகச் சொல்லச் சொன்னது நீதானே. தெரியாததைத் தெரியும் என்று எழுதுகிறவன் என் தொழிலில் நிலைக்க மாட்டான், உன் டூலும் அப்படித்தான், நேரம் தெரியாவிட்டால் தானாக அடுக்காமல் நின்று எங்களைக் கேட்க வேண்டும். இன்னொன்று, எல்லாப் படமும் ஒரே அளவாக இருக்கட்டும் என்று ஓரத்தைக் கத்தரித்துவிடுகிறது. கறை ஓரத்தில்தான் ஐசு இருக்கும், நடுவில் கறை விழுந்தால் சர்வேயர் எதற்கு. இந்த இரண்டையும் சரி செய்து அனுப்பு, அடுத்த கன்டெய்னருக்கே போட்டுப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் இல்லாத, உன்னைத் திட்டக் கூச்சப்படாத நாலு பேரிடம் கொடு. அவர்கள் மறுபடியும் வந்து டூலைக் கேட்டால் வேலையை விடு, யாரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே. வேலையில்லாத பொண்ணுன்னு நாலு பேரு சொல்லுவாவளே என்று அம்மா இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள், சொல்லட்டும், இங்கே உனக்கு இல்லாத சோறா.

தலையில் ஈரத்தோடு வெளியே போகாதே என்று அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். ராத்திரி கண்விழித்து வேலை செய்யாதே, பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்காமல் சாப்பிடு. முருகன் உனக்குத் துணையாக நிற்பான், எடுத்த காரியம் கைகூடி நீ நூறு வயது வாழ வேண்டும்.

எந்த ரிப்போர்ட்டானாலும் கடைசியில் வித்தவுட் பிரெஜுடிஸ் என்று ஒரு வரி போட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன், நான் எந்தப் பக்கமும் சாயவில்லை என்பதற்காக. கைப்பழக்கத்தில் இங்கேயும் அதை அடித்துவிட்டேன். பிறகு அழித்துவிட்டேன். நான் உன் பக்கம்தான் ஐசு.

உன் அப்பா,
பால்துரை