வியாழக்கிழமைக் கூட்டத்தில் வராத பெயர்

பிரேமன்
28 ஏப்ரல் 1987

அன்புள்ள அக்கா,

இல்காவை உன் ஊருக்கு ரயிலேற்றிவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். நீ அனுப்பிய ஈஸ்டர் ரொட்டியை வார்டில் மற்ற நர்சுகள் பிய்த்துத் தின்றே தீர்த்துவிட்டார்கள். எனக்கு ஒரு துண்டுதான் மிச்சம்.

நான் இங்கே தலைமை நர்சு படிப்பை முடிக்கும் இரண்டு வருடமும் என் மகள் உன் வீட்டிலேயே, உன் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று கேட்டவள் நான்தான். ஒரே ஆசிரியை எட்டு வருடம் கூடவே வரும் பள்ளியிலிருந்து பிள்ளையைப் பாதியில் பிடுங்க மனம் வரவில்லை. அதை மறந்துவிட்டு இதைக் கேட்பதாக நினைக்காதே.

சனிக்கிழமை தன் பாடநோட்டை எனக்கு வாசித்துக் காட்டினாள். உழுவது, விதைப்பது, அறுப்பது என்று பிள்ளைகளே எழுதி, ஓரமெல்லாம் மெழுகு வண்ணம் தீட்டிய நோட்டு. புரட்டுவது என் வேலை. நான் கவனிக்காமல் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டேன். அவள் வாசிப்பை நிறுத்தவே இல்லை. என் கண்ணெதிரே இருந்த பக்கத்தில் ரொட்டி சுடுகிறார்கள். அவளோ ஏர் ஓட்டிக்கொண்டே போகிறாள். விரல் மட்டும் வரியின் மேல் ஒழுங்காக ஓடுகிறது.

அக்கா, அவளுக்கு ஒன்பது வயது. வாசிக்கத் தெரியுமா, தெரியாதா?

உன்
குத்ரூன்

ஹோல்டர்பாஹ்
6 மே 1987

என் அன்புத் தங்கச்சி,

பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தாள். உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சின்ன வயதிலும் நீ இப்படித்தான். கேக் அடுப்பில் இருக்கும்போதே நாலு தடவை கதவைத் திறந்து பார்த்து அதை அமுக்கிவிடுவாய்.

எங்கள் பிள்ளைகள் முதலில் கதையாகக் கேட்கிறார்கள், அப்புறம் நடிக்கிறார்கள், வரைகிறார்கள். வாசிப்பு கடைசியில்தான் வரும். ஒருத்திக்கு ஏழு வயதில், இன்னொருத்திக்குப் பத்து வயதில். தடியால் அடித்தா பழத்தைக் கனிய வைப்பது?

போன வாரம் பள்ளி வயலை உழுதோம். குதிரை நடுச்சாலில் நின்றுவிட்டது. உன் மகள் அதன் காதருகே போய், "நடடா சோம்பேறி, உனக்கு மட்டுமா கால் வலிக்குது? மத்தியானம் எனக்கு சூப்பு, உனக்குப் புல்லு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றாள். அது நடந்தது. இருபத்தாறு பிள்ளைகளும் உருண்டு புரண்டு சிரித்தார்கள். இந்தப் பிள்ளைக்கா குறை? குழலில், மற்றவர்கள் ஊதும் மெட்டோடு இணையும் இரண்டாம் குரலைத் தனியாக வாசிக்கிறாள். காலுறைக்குக் குதிகால் தானே திருப்பிப் பின்னினாள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா
அல்முட்

பிரேமன்
17 ஜூன் 1987

அன்புள்ள அக்கா,

குதிரைக் கதையை வார்டில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். வீட்டுக்கு வந்ததும் பழையபடி மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை.

இந்த விடுமுறையில் இல்காவைக் கூர்ந்து பார்த்தேன். ஐஸ்கிரீம் கடையில் பத்து வகை எழுதியிருக்கிறது. அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. பக்கத்து மேசைப் பையன் தின்பதைக் காட்டி, "அது" என்றாள். வீட்டில் கதைப் புத்தகத்தை நீட்டினால், "கண்ணு வலிக்குதும்மா, நீ வாசி." நேற்று தலை பின்னிக்கொண்டிருக்கும்போது தானாகவே சொன்னாள்:

"வகுப்புல தோர்த்தே முதல்ல வாசிப்பா. நான் அடுத்தது. ரெண்டாவதா வாசிச்சா சுலபம்மா, கேட்டதைச் சொன்னா போதும்."

"முதல்ல வாசிக்கச் சொன்னா?"

"தொண்டை கட்டிடுச்சுன்னு சொல்வேன்." அப்புறம், "எனக்கு மட்டும் எழுத்து ஏன் நிக்கவே மாட்டேங்குது? பெரியம்மாகிட்ட சொல்லிடாத" என்றாள்.

சொல்லிவிட்டேன். வியாழக்கிழமைதோறும் நீங்கள் எல்லா ஆசிரியர்களும் கூடி, ஒரே ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு அது எப்படி நடக்கிறது, எப்படிச் சிரிக்கிறது என்பதுவரை பேசுவீர்கள் இல்லையா? இல்காவைப் பற்றி அங்கே பேசியாகிவிட்டதா? இல்லையென்றால் அடுத்த வியாழன் அவள் பெயரை வை. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா.

குத்ரூன்

ஹோல்டர்பாஹ்
25 ஜூன் 1987

அன்புள்ள குத்ரூன்,

குழந்தை ரகசியமாகச் சொன்னதை எழுதியிருக்க வேண்டாம். இனி அவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது? வியாழக்கிழமை வரிசை நீளமானது. அவள் முறை வரும்போது வரும்.

பயம் தொற்றிக்கொள்ளும், நர்சு உனக்குத் தெரியாததா? நீ பயந்தால் அவளும் பயப்படுவாள். மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஆண்டு முடிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான் ஒரு பாட்டு எழுதுவது உனக்குத் தெரியும். அடுத்த வருடம் முழுக்க, தான் பிறந்த கிழமையில் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். இந்த வருடம் முதலில் எழுதியது இல்காவுடையதைத்தான். அவளுக்கு எது வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நீ அவளை வருடத்தில் நாலு வாரம் பார்க்கிறாய். நான் தினமும் பார்க்கிறேன்.

அல்முட்

பிரேமன்
2 செப்டம்பர் 1987

அக்கா,

விடுமுறை முடிந்து இல்கா திரும்பி வரமாட்டாள். அவளுக்கு இங்கேயே பள்ளி பார்த்துவிட்டேன். என் படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம். வேலை நேரத்தை எப்படியோ மாற்றி வாங்கியிருக்கிறேன்.

மூன்று நாள் காலையில் எங்கள் மருத்துவமனையில் அவளைச் சோதித்தார்கள். அறிவில் ஒரு குறையும் இல்லை, வயதுக்கு மிஞ்சியே இருக்கிறது. எழுத்தும் ஒலியும் அவளுக்குள் சேர்ந்து நிற்பதில்லை. காத்திருந்தால் அது சரியாகாதாம். இரண்டு வருடம் முன்னாலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்றார்கள். மனப்பாடத்தால்தான் இவ்வளவு நாள் தப்பித்தாள்.

நாலு வாரம் என்று எழுதினாய். சரிதான். அந்த நாலு வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

உன்னிடம் போக வேண்டும் என்று நாலு நாள் அழுதாள். உண்மை என்பதால் அதையும் எழுதுகிறேன். அவள் குழலையும் மழைக்கோட்டையும் அனுப்பு.

குத்ரூன்

ஹோல்டர்பாஹ்
7 பிப்ரவரி 1988

என் அன்புத் தங்கச்சி,

ஐந்து மாதமாக உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இன்று எழுதி முடித்ததும் திரும்பிப் படிக்காமல் தபாலில் போட்டுவிடுவேன்.

எனக்குத் தெரியும். நீ எழுதுவதற்கு முன்பே தெரியும். அதற்கு முந்தின இலையுதிர் விழாவில் அவளிடம் புதிய தாள் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தொண்டை கட்டிவிட்டது என்றாள். கண்ணைப் பார்த்தேன். அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அப்புறம் எத்தனையோ வியாழக்கிழமைகள் வந்தன. ஒவ்வொரு முறையும் வேறு பிள்ளையின் பெயரைத்தான் வைத்தேன். இவள் பெயரை வைத்தால் சோதனைக்கு அனுப்பச் சொல்வார்கள், உன்னிடம் சொல்ல வேண்டிவரும், நீ அழைத்துக்கொண்டு போய்விடுவாய். எட்டு வருடம் என்னோடு இருப்பாள் என்று நினைத்திருந்தேன். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடப்பாள். அதை விட முடியவில்லை. கனியட்டும், கனியட்டும் என்று உனக்குச் சொன்னதெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டதுதான்.

நீ என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு. இல்காவிடம் மட்டும் இதைச் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அக்கா

பிரேமன்
16 பிப்ரவரி 1988

அக்கா,

உன் கடிதத்தை நான் படிக்கவில்லை. இல்கா படித்தாள்.

வாரத்தில் மூன்று நாள் வாசிப்புப் பயிற்சிக்கு ஓர் அம்மாளிடம் போகிறாள். களிமண்ணில் எழுத்துப் பிடிக்கிறார்கள், தரையில் எழுத்தை வரைந்து அதன் மேல் நடக்கிறார்கள். எல்லாம் உன் பள்ளியின் வழிதான், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே தடுமாறுகிறாள் என்று பார்க்கிறார்.

நான் வேலை முடிந்து வந்தபோது உன் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "பெரியம்மா கையெழுத்து. நான்தான் வாசிப்பேன், நீ எட்டிப் பாக்கக் கூடாது" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உருளைக்கிழங்கு உரித்தபடியே கேட்டேன். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தாள். இரண்டாவது பத்தியில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தாளைப் பிடுங்க நினைத்தேன். பிடுங்கினால், தப்பாக வாசிக்கிறோம் என்று நினைத்துக்கொள்வாள். இத்தனை நாள் பட்ட பாட்டுக்குப் பிறகு அதைச் செய்ய எனக்குக் கை வரவில்லை.

கடைசி வரிவரை வாசித்தாள். பிறகு மேலே திரும்பிப் போய், "நீ எழுதுவதற்கு முன்பே தெரியும்" என்ற இடத்தை மறுபடியும் வாசித்தாள்.

"நான் சரியாத்தான் வாசிச்சேனாம்மா?"

"சரியாத்தான் வாசிச்சேடி."

தாளை உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, மேசையில் தட்டு வைக்கப் போனாள்.

நான் உன்னை மன்னிப்பேனா என்று எனக்குத் தெரியாது. அது இப்போது என் கையிலும் இல்லை. இனி இந்த வீட்டுக்கு வரும் கடிதங்களை அவள்தான் பிரிப்பாள். எழுதுவதாக இருந்தால் அவளுக்கு எழுது.

குத்ரூன்