கவுஸ் போய் நிற்கும் தூரம்

பழவேற்காடு,
11-12-1983

அன்புள்ள உமருக்கு,

மூர்த்தி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனா போகிறது. ஆனால் உன் தம்பி கவுஸ் மைதீன் நலமாக இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லீவு கேட்டுக்கொண்டு உடனே சார்ஜாவிலிருந்து புறப்படு. காரணம் கீழே இருக்கிறது.

நீ அனுப்பிய டேப்ரிக்கார்டர் வந்து சேர்ந்தது. உன் தங்கை மஸூதா தெருவுக்கே கேட்கிற மாதிரி பாட்டு வைக்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நான் உங்கள் வீட்டில் தங்கி, கவுஸ் படிக்கும் பொன்னேரி காலேஜுக்கு ஆய்வுக்காகப் பஸ்ஸில் போய்வருகிறேன்.

என் எம்.பி.எட். ஆய்வு, விளையாட்டில் மாணவர்களின் அடைவூக்கத்தை அளப்பது. சிரிக்காதே. ஜெயிக்க வேண்டும் என்ற வேகம் எவனுக்கு எவ்வளவு என்பதுதான் விஷயம். தரையில் ஒரு முளை. ரப்பர் வளையத்தை வீசி அதில் மாட்ட வேண்டும். எங்கே நின்று வீசுவது என்பது அவனவன் இஷ்டம். ஜெயிக்க நினைப்பவன் நடுத்தூரத்தில் நிற்பான். தோல்விக்குப் பயந்தவன் முளைக்குப் பக்கத்திலேயே நிற்பான், இல்லையென்றால் யாராலும் முடியாத தூரத்துக்குப் போய்விடுவான். அங்கே தோற்றால் கேவலம் இல்லை பார்.

கவுஸ் மைதானத்தின் ஓரத்துக்கே போனான். "டேய் கவுஸு, அங்கேர்ந்து வுட்டா ஆந்திராவுலதான்டா போய் வுழும்" என்று பையன்கள் கூச்சல் போட்டார்கள். அவன் காதில் வாங்கவில்லை. எத்தனை முறை கூப்பிட்டாலும் அதே இடம். பயந்தவர்கள் பட்டியலில் அவனைச் சேர்த்தேன். சாப்பிடும்போது அதை அவனிடமே சொன்னேன். பாதித் தட்டில் எழுந்து போய்விட்டான். மஸூதாதான் பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

ஐப்பசி மழையில் முகத்துவாரத்தில் படகிலிருந்து விழுந்து சின்னதம்பி போனது உனக்குத் தெரியும். லைட்ஹவுஸ் குப்பத்துப் பையன், கவுஸோடு படித்தவன். அன்று கரையில் கயிறு வைத்திருந்தவன் கவுஸ். இதை உனக்கு எழுத வேண்டாம் என்று அம்மா தடுத்துவிட்டார்களாம். வீசினான், எட்டவில்லை. குதிக்கப் போனவனைக் குப்பத்துக்காரர்கள் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். சின்னதம்பியின் உடம்புகூடக் கிடைக்கவில்லை. மைதானத்தில் கவுஸ் போய் நிற்பது அந்தத் தூரம்.

எனக்குப் பொறுமை கிடையாது. கணக்குப் போட்டுத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். வகுப்பு முழுவதையும் அந்த இடத்தில் நிறுத்தி வீசவைத்தேன். வாலிபால் கேப்டன் உட்பட ஒருவனாலும் மாட்ட முடியவில்லை. வரைபடமே போட்டு, மனுஷனால் ஆகாத காரியம், உன்மேல் தப்பே இல்லை என்று கவுஸிடம் காட்டினேன். தலையாட்டினான்.

மறுநாளிலிருந்து எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்து, அங்கேயே நின்று வீச ஆரம்பித்தான். போன வாரம் வளையம் மாட்டிவிட்டது. பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். இறங்கி நேரே என்னிடம் வந்து, "அப்போ ஆவும், இல்லண்ணே?" என்று கேட்டான்.

என் அளவுகோல்படி அவனைவிட ஊக்கம் உள்ளவன் அந்தக் காலேஜில் கிடையாது. அதை எழுதக் கை வரவில்லை.

அன்றோடு காலேஜை விட்டுவிட்டான். சாயங்காலமானால் முகத்துவாரத்தில் நிற்கிறான். கயிற்றைத் தண்ணீரில் வீசுகிறான், பிறகு மெதுவாக இழுக்கிறான். வேகமாக இழுத்தால் பிடி நழுவிவிடுமாம். யார் பிடி என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வாடா என்று கத்தினேன். "கனமா வருதுண்ணே, நீயே புடிச்சுப் பாரு" என்று என் கையில் கொடுத்தான்.

நனைந்த நார்க்கயிறு கனக்கும். நீரோட்டம் இழுக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அது விட்டுவிட்டு இழுத்தது, உமர். நான் கயிற்றைக் கீழே போட்டுவிட்டேன். அவன் அதைப் பார்த்தான். பார்த்துச் சிரித்தான்.

நேற்று சொல்கிறான்: "முனையில இன்னா கீதுன்னு ஒரு தபா எறங்கிப் பார்த்துட்டு வந்துர்றேண்ணே." ஊரிலேயே அவன்தான் நல்ல நீச்சல்காரன் என்று ஹாஸ்டலில் நீ பீற்றிக்கொள்வாயே, எனக்கு இப்போது பயமே அதுதான்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நான் அவன் கூடவே திரிகிறேன். ஆனால் கயிற்றைப் போட்டவன் பேச்சை அவன் எப்படி நம்புவான்? நீ அவன் அண்ணன். உன் பயணம் தடையில்லாமல் அமைய உன் ஆண்டவனையும் என் சாமியையும் வேண்டிக்கொள்கிறேன். வந்ததும் அவனோடு முகத்துவாரத்துக்குப் போ. கயிற்றை வாங்கிப் பிடித்து, ஒன்றும் இல்லையடா என்று சொல். கனத்தாலும் சொல். தயவுசெய்து நீயும் கீழே போட்டுவிடாதே.

உன் நண்பன்,
மூர்த்தி