எல்லைக்கல்லுக்கு அண்டை கொடுத்த செங்கல்

என் வாயையும் என்னையும் பொறுத்துக்கொண்ட முனியம்மாவுக்கு,

அங்கே எப்படி இருக்கே? அங்கே என்றால் மேலுலகத்தைக் கேட்கவில்லை. இப்போது நீ இருப்பது மெட்ராஸ் ராஜ்ஜியம். எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி அந்தப் பக்கம் போச்சு, நம்ம நகரி ஆந்திராவிலேயே நின்னுபோச்சு. கோடு நம் நிலத்துக் கோடியில் விழுந்தது. உன்னைப் புதைத்த வேப்பமரத்தடி அந்தப் பக்கம். அடுப்பும் நானும் இந்தப் பக்கம். நடுவில் ஒரு எல்லைக்கல்.

எட்டாவது வரைக்கும் படித்தவன் இல்லையா, யோசனை பண்ணினேன். கல்லைப் பெயர்த்து மரத்துக்கு அந்தண்டை நட்டுவிட்டால் நீயும் நம்ம பக்கம் வந்துவிடுவாய். சிரிக்காதே.

நேற்று உச்சிவேளையில் கடப்பாரையோடு போனேன். கல்லைச் சுற்றித் தோண்டி, அடியில் முனையைக் கொடுத்தேன். கடப்பாரைக்குக் கீழே அண்டை கொடுக்க ஏதாவது வேண்டுமே? கைக்கு எட்டினது எது தெரியுமா? உன் சமாதியைச் சுற்றி நானே பதித்த செங்கல். ஒன்றைப் பிடுங்கிவிட்டேன். எழுதும்போதே முகம் சுடுகிறது.

தொங்கினேன், ஏறி நின்றேன், கல் அசையவில்லை. வழியோடு போன உன் அண்ணன் மகன் ஏகாம்பரம் நின்று வேடிக்கை பார்த்தான்.

“இன்னா மாமா, மெட்ராஸைத் தள்ளி வெக்கிறியா? கல்லு நவுந்தா கவர்மெண்டு மேப்பும் நவுந்துக்குமா?”

“போடா, உன் வேலையப் பாத்துக்கினு.”

கூழ் கொண்டுவந்த நம் மகள் சரசு தலையில் அடித்துக்கொண்டாள். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் இப்போது நெம்புகோல்தான் பாடமாம்.

“செங்கல்ல உன் கைப்பக்கம் வெச்சிக்கினு அமுக்கினா எப்படி நைனா தூக்கும்? கல்லோரமாத் தள்ளி வை. நீ அமுக்குற பக்கம் நீளமா இருந்தாத்தான் பாரம் லேசாவும்.”

தள்ளி வைத்து அமுக்கினேன். நம்பமாட்டாய், அவ்வளவு பெரிய கல் பூப்போலக் கிளம்பியது! உடனே செங்கல் நொறுங்கியது. கல் பழைய குழியில், நான் மண்ணில். ஏகாம்பரம் சிரித்த சிரிப்பு திருத்தணிக்கே கேட்டிருக்கும்.

சரசு மட்டும் அந்தத் தூளையே பார்த்தாள். “நொறுங்காம இன்னா பண்ணும்? கல்லு கனம், நீ அமுக்குற கனம், ரெண்டும் அது மேலதானே எறங்குது. ஏது நைனா இந்தச் செங்கல்லு?”

“களத்துல கெடந்துச்சு” என்றேன்.

அவள் சொன்னது என்னை விடமாட்டேன் என்கிறது. குடும்ப பாரத்தை நான்தான் தூக்கினேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசினவன் நான். அந்தப் பாரமும் என் கனமும் சேர்ந்து யார்மேல் இறங்கியது? “இடுப்பு விட்டுப்போச்சு, கொஞ்சம் நில்லுய்யா” என்று ஒரு நாள் சொன்னாய். அதற்கும் ஏதோ வேடிக்கை பேசி உன்னைச் சிரிக்க வைத்தேன். அன்றைக்கு நிஜமாகத்தான் சிரித்தாயா?

கல் அங்கேயே இருக்கட்டும். பள்ளிக்கூடம் விட்டதும் சரசுவை உன்னிடம் கூட்டி வருகிறேன். அது எந்தச் செங்கல் என்று உன் முன்னாலேயே சொல்லிவிடுவேன். அழுவாள், திட்டுவாள். ஒரு வேடிக்கையும் பேசாமல், அவள் பேசி முடிக்கிறவரை வாய்மூடி நிற்பேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
சரசுவின் நைனா